ஊர் மாறி வந்தவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள் – உராபி பாஷாவின் இலங்கை வாழ்க்கை தரும் பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக. ஆமீன்.



இந்த வாரப் பயானை ஒரு வெட்கத்தோடு ஆரம்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு வாலிபர் என்னிடம் வந்து ஸலாம் சொல்லிக் கைகொடுத்தார். முகம் நன்றாகத் தெரிந்த முகம். எட்டு மாதமாகக் கடைசி ஸஃப்பில் ஒரே இடத்தில் நின்று தொழுதவர். ஊருக்குப் போவதாகவும், தம் தகப்பனாருக்காக துஆ செய்ய வேண்டும் என்றும் உருதுவில் சொன்னார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, தகப்பனார் மவ்த்தாகி அன்றோடு பத்து நாள் ஆகியிருந்தது. பயணத்துக்குப் பணம் சேராததால் ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை. அந்தப் பத்து நாளும் நம் பள்ளிக்கு வந்திருக்கிறார், ஐந்து வேளையில் முடிந்த வேளையெல்லாம் தொழுதிருக்கிறார். அவர் பக்கத்தில் நின்றவருக்கும் தெரியாது. முன்னால் நின்று தொழ வைத்த எனக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் அவருடைய பெயரையே கேட்டேன்.

குறை அவரிடம் இல்லை, என்னிடம்தான். எட்டு மாதம் அவர் ஸலாம் சொன்னார், நான் பதில் சொன்னேன். அதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

நம் மத்தூரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூரில் ஆரம்பித்த தொழிற்சாலைகள் இன்று பர்கூர், போச்சம்பள்ளி வரை வந்துவிட்டன. கிரானைட் பட்டறை, மாங்கூழ் ஆலை, கட்டட வேலை என்று பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம், அஸ்ஸாம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதே நேரம் நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் ரியாத்துக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இதை அங்கே இருந்து படிக்கிற பிள்ளைகளும் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆக, நம் வீடுகளில் பாதி வந்தவர்களைப் பார்க்கிறது, பாதி போனவர்களை நினைக்கிறது.

தூர ஊருக்குப் போன மனிதனுக்கு நட்பு எப்படிக் கிடைக்கிறது? உள்ளூர்க்காரன் அதற்கு என்ன செய்ய வேண்டும்? இதற்குப் பதிலாக ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். எகிப்தின் அஹ்மத் உராபி பாஷா. இலங்கை முஸ்லிம்கள் ஒராபி பாஷா என்றும் அறபி பாஷா என்றும் அன்போடு சொல்கிற அதே மனிதர்.

மதீனாவில் போட்ட அடித்தளம்

அதற்கு முன், நம் அனைவருக்கும் தெரிந்த ஒரு செய்தியை நினைவுபடுத்திக் கொள்வோம். மக்காவைத் துறந்து முஹாஜிர்கள் மதீனா வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸார்களிடம் பொதுவாக நல்லபடி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. இவருக்கு இவர் என்று ஒவ்வொருவராகச் சகோதரர்களாக்கினார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரழி) சகோதரர் ஆனார். ஸஅத் தம் செல்வத்தில் சரிபாதி தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் அவருக்காக துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார். போனார், பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றார், தம் காலில் நின்றார்.

இந்தச் சம்பவத்தில் ஸஅதின் தாராளத்தைத்தான் நாம் அதிகம் பேசுகிறோம். அப்துர் ரஹ்மான் கேட்டது என்ன என்பதையும் கவனியுங்கள். வந்தவருக்கு இரக்கம் மட்டும் போதவில்லை. இந்த ஊரில் எனக்கும் ஒரு பங்கு, ஒரு வேலை வேண்டும் என்று அவர் மனம் தேடியது. இதை மனதில் வைத்துக்கொண்டு எகிப்துக்கு வாருங்கள்.

விவசாயியின் மகன்

அஹ்மத் உராபி 1841-ல் எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகரத்துக்கு அருகே ஹிர்ரிய்யத் ரஸ்னா என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் அந்த ஊரின் தலைவர், மார்க்கம் தெரிந்தவர். பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும்போது காலரா நோயில் தகப்பனார் மவ்த்தானார். பிறகு உராபி கெய்ரோ சென்று அல்அஸ்ஹரில் சில காலம் ஓதினார். நம்மைப் போன்ற மத்ரஸா மாணவர்தான் அவரும்.

1854-ல் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் எகிப்து ராணுவத்தில் பெரிய பதவியெல்லாம் துருக்கிய, சர்க்காஸிய வம்சத்தாருக்குத்தான். மண்ணின் மைந்தனான விவசாயி மகன் சிப்பாயாக இருக்கலாம், தலைவனாக முடியாது. அப்போதைய ஆட்சியாளர் ஸஈத் பாஷா அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார். அந்த வழியில் உராபி இருபது வயதுக்குள் லெப்டினன்ட் கர்னல் பதவிவரை போய்விட்டார். அடுத்து வந்த இஸ்மாயீல் பாஷாவின் காலத்தில் கதவு மறுபடியும் மூடியது. வருடக்கணக்காக அவருக்குப் பதவி உயர்வு இல்லை.

நாடும் அப்போது கடனில் மூழ்கியிருந்தது. பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் கஜானாவைத் தங்கள் கண்காணிப்பில் வைத்துக்கொண்டன. வரிச்சுமை விவசாயியின் தலையில் விழுந்தது. இந்த அநியாயத்துக்கு எதிராகத்தான் உராபி எழுந்தார். 1881 செப்டம்பர் 9 அன்று ராணுவ அணிகளோடு ஆப்தீன் அரண்மனைக்கு முன் நின்று, கெதீவ் தவ்ஃபீக்கிடம் மக்கள் பிரதிநிதிகள் சபை வேண்டும் என்றும் இன்னும் சில கோரிக்கைகளையும் வைத்தார். அடுத்த ஆண்டு அவர் போர் அமைச்சர் ஆனார். எகிப்து எகிப்தியருக்கே என்ற எண்ணத்துக்கு அவர் பெயர் அடையாளமாகிவிட்டது.

அந்த உயர்வு நீடிக்கவில்லை. 1882 ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா நகரத்தின் மீது குண்டு பொழிந்தன. செப்டம்பர் 13 அன்று விடியற்காலையில் தல் அல்கபீர் என்ற இடத்தில் உராபியின் படை தோற்றது. கெய்ரோவில் அவர் சரணடைந்தார். விசாரணை நடந்தது, மரண தண்டனை விதிக்கப்பட்டது, பிறகு அது நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பதவி போனது, சொத்துகள் பறிமுதல் ஆயின.

அவரைத் தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஓர் ஆங்கிலேயர் என்பதையும் சொல்ல வேண்டும். வில்ஃப்ரிட் பிளண்ட் என்ற அந்தக் கவிஞர், தம் சொந்த நாட்டின் போரையே எதிர்த்து, உராபிக்கு வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்தார். பிறகு 1883-ல் கொழும்புக்கே வந்து அவரைச் சந்தித்தார். ஒரு தேசத்தோடு சண்டை என்பதால் அதன் எல்லா மனிதர்களும் பகைவர்கள் ஆகிவிடுவதில்லை.

கொழும்புத் துறைமுகம்

சூயஸிலிருந்து மரியோட்டிஸ் என்ற கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட உராபி, 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். அவரோடு சேர்த்து ஏழு தலைவர்கள். அவர்களில் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி பிரதமராக இருந்தவர், அரபுக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு வழி திறந்த பெரும் கவிஞர். கூடவே குடும்பத்தார் சிலரும் பணியாட்களும்.

உராபிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இதைப் படிக்கிற உங்களில் நாற்பதைத் தாண்டியவர்கள் சற்று யோசித்துப் பாருங்கள். நானும் அந்த வயதுக்காரன்தான். பள்ளிக்கூட நாளில் வந்த நட்பு தானாக வந்தது. நாற்பதுக்குப் பிறகு ஒரு புது மனிதரிடம் மனம் திறப்பது எவ்வளவு கஷ்டம்! அதிலும் நேற்றுவரை ஒரு நாட்டின் படையை நடத்தியவர் இன்று ஒரு கைதி. ஊர் தெரியாது. தமிழ் தெரியாது, சிங்களம் தெரியாது. வெயிலும் ஈரமும் கலந்த கொழும்புக் காற்று எகிப்தின் வறண்ட காற்றில் வளர்ந்த உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுதலுக்கு நம் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே என்றால், தோல்வியின் கசப்பில் அந்த ஏழு பேருக்கு இடையிலேயே மனத்தாங்கல்கள் வந்தன.

ஒரே ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் தனிமை தீராது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். நம் பகுதியில் ஒரே அறையில் பத்துப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்களே துணை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பத்துப் பேரும் ஆளுக்கொரு கவலையோடு செல்போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது நமக்குத் தெரிவதில்லை.

கொழும்பு முஸ்லிம்கள் உராபியைப் பார்க்கத் திரண்டு வந்தார்கள். இஸ்லாமிய நாடொன்றின் வீரத் தலைவர் வந்திருக்கிறார் என்ற பெருமை அவர்களுக்கு. அவர் தலையில் இருந்த சிவப்புத் துருக்கித் தொப்பி, காலப்போக்கில் இலங்கை முஸ்லிம்களின் தலையில் ஏறியது. அவர் அந்த நாட்டை விட்டுப் போன பிறகும், 1905-ல் ஒரு முஸ்லிம் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் அந்தத் தொப்பி அணியத் தடை வந்தபோது, சமுதாயமே மருதானைப் பள்ளிவாசலில் கூடியது. அந்த அளவுக்கு அது அவர்களுடைய அடையாளமாகிவிட்டிருந்தது.

ஆனால் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் நட்பு ஆகாது. கூட்டம் கலைந்தால் மனிதன் மறுபடியும் தனி. உராபிக்கு நட்பு வேறு வழியில் வந்தது.

கண்டியில் ஒரு வழக்கறிஞர்

அறிஞர் எம்.சி. சித்தி லெப்பை 1838-ல் கண்டியில் பிறந்தவர். தொழிலால் வழக்கறிஞர். தமிழும் அரபும் ஆங்கிலமும் அறிந்தவர். அன்றைய இலங்கையில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் பெரும்பாலும் மிஷனரிகள் நடத்தியவைதான். பிள்ளையின் ஈமான் போய்விடுமோ என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் அங்கே அனுப்பவில்லை. தங்களுக்கென்று பள்ளிக்கூடம் கட்டவும் இல்லை. சமுதாயம் கல்வியில் பின்தங்கிக்கொண்டே போனது. இந்தக் கவலைதான் சித்தி லெப்பையைத் தூங்கவிடாமல் செய்தது. 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கண்டியில் அதற்கும் முயன்றார்.

அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள். சமுதாயத்தை எழுப்ப ஒரு மனிதர் பத்திரிகை தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள், எகிப்திலிருந்து இன்னொரு மனிதர் கொழும்புக் கரையில் வந்து இறங்குகிறார். ஒருவரிடம் திட்டம் இருந்தது. மற்றவருக்கு மக்களிடையே மதிப்பு இருந்தது. இருவருக்கும் பொதுவாக அரபு மொழி இருந்தது. அதைவிட, தம் மக்கள் அறியாமையில் கிடக்கிறார்களே என்ற ஒரே வேதனை இருந்தது. அவர்கள் நண்பர்கள் ஆனார்கள்.

சித்தி லெப்பை உராபியிடம் பழைய போர்க்கதை கேட்டுப் பொழுது போக்கிவிட்டுப் போயிருக்கலாம். அல்லது பாவம், நாடிழந்தவர் என்று தட்டில் ஏதாவது வைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். இரண்டோடும் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தாம் சுமந்துகொண்டிருந்த சுமையின் ஒரு பக்கத்தைத் தூக்கி உராபியின் தோளிலும் வைத்தார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மக்களைக் கூட்டுவதற்கு நீங்களும் எங்களோடு நில்லுங்கள் என்ற உறவு அது. மதீனாவில் கடைவீதிக்கு வழி காட்டியது போன்றதுதான் இதுவும். வந்தவருக்கு ஊரில் ஒரு பங்கு கிடைத்தது.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. 1880-களில் கொழும்பில் எடுத்த முதல் முயற்சி போதிய ஆதரவில்லாமல் நிலைக்கவில்லை. அவர்கள் விடவில்லை. மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தார். வாப்பிச்சி மரைக்கார். 1877-ல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். ஒரு வழக்கறிஞர், ஒரு கட்டடக்காரர், நாடு கடத்தப்பட்ட ஒரு ராணுவத் தளபதி. மூவருக்கும் தொழிலில் எந்தச் சம்பந்தமும் இல்லை, பிறந்த மண்ணிலும் இல்லை. 1892 ஆகஸ்ட் 22 அன்று, கொழும்பு மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி, அல்மத்ரஸத்துஸ் ஸாஹிரா என்ற பாடசாலை திறக்கப்பட்டது. உராபி அதன் போஷகராக நின்றார். அதுதான் இன்று இலங்கையெங்கும் பெயர் பெற்ற ஸாஹிராக் கல்லூரி. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே படித்து வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நண்பர்களின் ஸதகத்துல் ஜாரியா அது.

நட்பு எழுத்திலும் தடம் விட்டிருக்கிறது. சித்தி லெப்பை 1885-ல் அசன்பே சரித்திரம் என்ற நாவலை எழுதினார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்வார்கள். அதன் நாயகன் எகிப்தில் பிறந்து, பிரிக்கப்பட்டு, இந்தியாவில் வளர்கிற ஒரு பிள்ளை. கண்டியில் இருந்த ஒரு தமிழ் எழுத்தாளர், தூர தேசத்தில் விடப்பட்ட ஓர் எகிப்தியனைக் கதாநாயகன் ஆக்கிய நாளில், அந்தத் தீவிலேயே அப்படி ஓர் எகிப்தியர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

கண்டி மலையில் பத்தாண்டு

1892-லேயே உராபி குடும்பத்தோடு கொழும்பை விட்டுக் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டது. அவர் வாழ்ந்த கண்டி வீடு பிற்காலத்தில் உராபி பாஷா கலாசார நிலையமாக, அவர் வந்த நூறாவது ஆண்டான 1983-ல் திறக்கப்பட்டது.

நாடு கடத்தப்பட்டவர்களில் சிலர் அந்த மண்ணிலேயே அடக்கமானார்கள். கவிஞர் பாரூதி பார்வை மங்கிய நிலையில் உராபிக்கு முன்பே நாடு திரும்பினார். 1898-ல் சித்தி லெப்பையும் மவ்த்தானார். வயது அறுபதைத் தொடவில்லை. வந்த இடத்தில் கிடைத்த நண்பரும் போய்விட்டார்.

1901-ல் உராபிக்கு மன்னிப்புக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நாள் அது. அறுபது வயதில், நரைத்த தாடியோடு, அவர் எகிப்துக்குத் திரும்பினார்.

சகோதரர்களே, இந்த வாழ்க்கையில் என் நெஞ்சை அறுக்கிற இடம் இதுதான். சொந்த மண் அவரை எப்படி வரவேற்றது? ஒரு புதிய தலைமுறை வந்துவிட்டிருந்தது. ஆங்கிலேயர் நாட்டுக்குள் வருவதற்கு இவர்தானே காரணம் என்று பழி சொன்னார்கள். பத்திரிகைகள் தாக்கின. அரபுலகின் பெரும் கவிஞர் அஹ்மத் ஷவ்கியே அவரை ஏளனம் செய்து கவிதை எழுதினார். வந்த ஊரில் நண்பராக வாழ்ந்தவர், சொந்த ஊரில் அந்நியராக வாழ்ந்தார். அப்படியே பத்து ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, 1911 செப்டம்பர் 21 அன்று கெய்ரோவில் மவ்த்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வெகு காலம் கழித்துத்தான் எகிப்து அவரைத் தேசத் தலைவராக ஏற்றுக்கொண்டது. இன்று கெய்ரோவில் ஒரு மெட்ரோ ரயில் நிலையத்துக்கே அவர் பெயர்.

சொந்த ஊர் மறந்த நாளில் அவரை நினைத்துக்கொண்டிருந்தவர்கள் யார்? கடல் கடந்த ஒரு தீவில், அவர் பேசிய மொழியைப் பேசாத மக்கள்.

நமக்கான பாடம்

அன்பானவர்களே! இந்த வரலாற்றிலிருந்து நமக்கு என்ன வேண்டும்?

முதலில், இந்த ஊரில் இருக்கிற நமக்கு. ஸலாம் சொல்வது வாசல். வாசலிலேயே எட்டு மாதம் ஒருவரை நிறுத்தி வைப்பது நியாயமில்லை. வந்தவரிடம் அடுத்துக் கேளுங்கள்: பெயர் என்ன, எந்த ஊர், வீட்டில் யார் யார், உங்களுக்கு என்ன வேலை தெரியும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் பள்ளியின் மோட்டார் பழுதானால் கிருஷ்ணகிரியிலிருந்து ஆளை வரவழைக்கிறோம். கடைசி ஸஃப்பில் எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருக்கலாம். மக்தபில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க ஆள் போதவில்லை என்கிறோம். அந்தப் பக்கம் ஒரு ஹாஃபிழ் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கலாம். ரமளானில் அவர்களுக்கு நோன்புக் கஞ்சி ஊற்றுகிறோம், நல்ல காரியம். அந்தக் கஞ்சியைக் காய்ச்சுகிற குழுவில் அவர்களையும் சேர்த்துக்கொண்டால் அதைவிட நல்லது. கொடுக்கிறவன் நான், வாங்குகிறவன் நீ என்று இருக்கிறவரை நட்பு வராது. ஒரே அண்டாவை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கினால் வரும்.

மொழி தெரியாதே என்று சொல்ல நமக்கு வாயில்லை. தமிழ், உருது, தெலுங்கு, கன்னடம் நான்கும் ஒரே கடைவீதியில் கேட்கிற பகுதி இது. நம் மஹல்லாவிலேயே வீட்டில் உருது, வெளியில் தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை பேர்! வந்த பிள்ளைகளுக்கும் நமக்கும் பாலமாக அல்லாஹ் அவர்களை வைத்திருக்கிறான். நம்மைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்பதை ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் நமக்கு உணர்த்துகிறான். அறிந்துகொள்வதற்குத் தந்த வேற்றுமையை நாம் ஒதுங்கிக்கொள்ளப் பயன்படுத்தக் கூடாது. இதில் நம் சமுதாயத்துப் பிள்ளைகள் என்று மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து அறையில் இருக்கிற ஒடிசாக்காரப் பிள்ளை எந்த மதமானாலும் அண்டை வீட்டார்தான். அண்டை வீட்டாரின் உரிமை அவருக்கும் உண்டு.

அடுத்து, வெளியூரில் இருந்து இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு. நீங்கள் உராபியின் இடத்தில் இருக்கிறீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று அறையில் முடங்கிவிடாதீர்கள். அவருடைய அந்தஸ்துக்கு, வருகிறவர்கள் வரட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். இழந்த பதவியை நினைத்துக் காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் இன்னொரு ஊரின் கவலையைத் தம் கவலையாக எடுத்துக்கொண்டார். நீங்களும் போன ஊரில் ஏதாவது ஒரு நல்ல காரியத்தில் கையை நீட்டுங்கள். தொழுகைக்குப் பின் பாய் மடிப்பதாக இருக்கலாம், ஒரு ஜனாஸாவைச் சுமப்பதாக இருக்கலாம், ரத்ததானமாக இருக்கலாம், அறைத்தோழனுக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பதாக இருக்கலாம். நாளைக்கு ஊர் திரும்பிவிடுவேன் என்று நினைத்தே வருடங்கள் ஓடிவிடும். திரும்பினாலும் ஊர் அப்படியே காத்திருக்கும் என்று நிச்சயமில்லை. உராபிக்குக் காத்திருக்கவில்லை. ஆகவே இருக்கிற இடத்தில் வாழுங்கள்.

இமாம்களாகிய எங்கள் வாழ்க்கையே அப்படித்தான். ஒரு பெட்டியோடு தெரியாத மஹல்லாவுக்கு வருகிறோம். முதல் வாரம் சாப்பாட்டுக் கேரியர் வரும், மரியாதை வரும். ஆனால் ஒருவர் வந்து, ஹஜ்ரத், என் பையன் சொல்பேச்சுக் கேட்கமாட்டேன் என்கிறான், நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்று சொல்கிற நாளில்தான் இது என் ஊர் என்று மனம் ஒப்புக்கொள்ளும். அதை அனுபவித்த நானே அந்த வாலிபரிடம் எட்டு மாதம் எதையும் கேட்காமல் இருந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

இந்த வாரத்திலிருந்து ஒரு சின்னக் காரியம் செய்வோம். ஜுமுஆ முடிந்ததும் ஹவ்ழுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வெளியூர்ச் சகோதரர்கள் தங்கள் பெயர், ஊர், தெரிந்த வேலை, ஊரில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு எண் ஆகியவற்றை எழுதலாம். எழுதத் தெரியாதவருக்கு நம் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். உள்ளூர்க்காரர்களாகிய நாம் ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரே ஒருவரை நம் சகோதரராக எடுத்துக்கொள்வோம். ஒருவர் போதும். மதீனாவிலும் ஒருவருக்கு ஒருவர்தான். அவர் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை என்றால் மூன்றாம் நாள் நீங்கள் அவர் அறைக் கதவைத் தட்ட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

அந்த வாலிபர் ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. திரும்பினால், இன்ஷா அல்லாஹ், அந்த நோட்டில் முதல் பெயர் அவருடையதாக இருக்க வேண்டும், அவருக்குரிய சகோதரனாக நான் இருக்க வேண்டும் என்று நிய்யத் வைத்திருக்கிறேன். நீங்களும் துஆ செய்யுங்கள்.

யா அல்லாஹ்! ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கிற எங்கள் சகோதரர்களுக்குத் துணையாக இருப்பாயாக. அவர்களின் பெற்றோரை, மனைவி மக்களைப் பாதுகாப்பாயாக. தூர தேசங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல நண்பர்களைத் தந்தருள்வாயாக. அஹ்மத் உராபி, சித்தி லெப்பை, வாப்பிச்சி மரைக்கார் ஆகியோரின் நற்செயல்களை ஏற்று அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவாயாக. எங்கள் பள்ளியில் தொழுகிற யாரும் அந்நியராக வந்து அந்நியராகவே திரும்பிப் போகாமல் காத்தருள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.